செத்த கஸ்டமர் காசு கொடுத்த கதை

ஞாயித்துக்கிழம ராத்திரி ஒரு மணி. காலைல ஆபிஸ் இருக்கு. நான் கேம் செய்யறது யூனிட்டிங்குற சாஃப்ட்வேர்ல, அதுல எரர் எல்லாம் வந்து விழுற கன்சோல்ல செவப்பு எண்ணு 999+ ன்னு நிக்குது. அந்த பிளஸ்க்கு அப்பறம் எவ்ளோன்னு யூனிட்டி சொல்லாது, சொன்னா பையன் மனசு ஒடஞ்சிருவான்னு நெனச்சாங்களோ என்னவோ. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரைல மாறுற ஒவ்வொரு படத்துக்கும், ஒரு தடவ ஓடுற அப்டேட் ஃபங்ஷனுக்குள்ள எரர் வந்தா ஃப்ரேமுக்கு ஒண்ணு விழும், செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுச்சுன்னா பதினேழு செகண்ட்ல 999 தாண்டிரும். நான் எந்திரிச்சு போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்தேன், அவ்ளோதான், திரும்பி வந்து பாத்தா இந்த கோலம்.

எல்லாம் ஒரே எரர். நல் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன், ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் நாட் செட் டு அன் இன்ஸ்டன்ஸ் ஆஃப் அன் ஆப்ஜெக்ட். வேரியபிள்ல ஆப்ஜெக்ட் எதுவும் இல்லாம நல்-ன்னு கெடக்கு, அத போய் தொட்டுட்டன்னு அர்த்தம். கேம் பண்றேன்னு யூனிட்டிய தொறந்த யாரும் இந்த வரிய பாக்காம இருந்திருக்க முடியாது. இத தமிழ்ல பேசுறதே ஒரு தனி கூத்து. நானும் என் ஃப்ரெண்டும் ஒரு நாள் போன்ல, "டேய் அந்த வேரியபிள் நல்லா இருக்குடா"ன்னு அவன் சொல்றான், "நல்லா இருந்தா அப்பறம் ஏன்டா எரர் வருது"ன்னு நான் கேக்குறேன், ரெண்டு நிமிஷம் கழிச்சுதான் வெளங்குச்சு அவன் நல்-ஆ இருக்குன்னு சொன்னான்னு. அதுலேர்ந்து நாங்க "காலி"ன்னு சொல்லிக்கறோம். வேரியபிள் காலி. இதுவும் சரியாத்தான் இருக்கு, ஏன்னா அத தொட்டா நாமளும் காலி.

சரி கேம் என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா இனிமே சொல்றது புரியாது. டீக்கடை கேம். கஸ்டமர் வருவாங்க, பெஞ்சுல உக்காருவாங்க, மாஸ்டர் டீ போடுவாரு, பையன் கிளாஸ எடுத்துட்டு போய் கொடுப்பான், வாங்குனவுடனே கஸ்டமர் காசு கொடுப்பாரு, அது கல்லாவுல சேரும், குடிச்சு முடிச்சா கிளாஸ் கழுவ போகும். ரொம்ப நேரம் டீ வரலன்னா கஸ்டமர் கோவிச்சுட்டு எந்திரிச்சு போயிருவாரு. டீ 15 ரூபா. கடைல மொத்தம் 12 கிளாஸ். இவ்ளோதான் கேம், நாலு மாசமா வீக்எண்ட் பூரா இதுக்குத்தான் போகுது, வீட்ல கேட்டா "இதுக்கு நெஜமாவே ஒரு டீக்கடை வச்சிருக்கலாம்"ன்னு பதில் வருது. ஸ்கிரிப்ட்ல பேரெல்லாம் தமிழ்லயே வச்சிருக்கேன், ஸ்கிரிப்ட் எழுதற மொழியான சி ஷார்ப் யூனிகோட் எழுத்த ஏத்துக்கும், வேரியபிளுக்கு கல்லா-ன்னே பேர் வைக்கலாம். ஆபிஸ்ல பண்ணா அடிப்பாங்க, இது என் கடை.

அன்னிக்கு ராத்திரி எரர் காட்டுன வரி இதுதான்: கல்லா.சேர்(விலை). கஸ்டமர் ஸ்கிரிப்ட்ல இல்ல, மழை நாள்ல எக்ஸ்ட்ரா காசு சேக்குறதுக்கு நான் எழுதுன ஒரு குட்டி ஸ்கிரிப்ட்ல. அந்த வரிய நான் ஒரு முக்கா மணி நேரம் மொறச்சு பாத்துட்டு இருந்தேன். வரில ஒரு தப்பும் இல்ல. இருக்காது. இத புரிஞ்சுக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, எரர் காட்டுற எடம் பொணம் கெடந்த எடம், கொலை நடந்த எடம் வேற.

அந்த வரி நமக்கு சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், புள்ளிக்கு இடது பக்கம் இருக்குறது காலி. வலது பக்கத்த பாக்கவே வேணாம். சேர்-ங்குற ஃபங்ஷன் தப்பா இருந்தா எரர் அதுக்குள்ள இருக்குற வரிய காட்டிருக்கும். அதனால புள்ளிய எண்ணு. ஒரு வரில ஒரு புள்ளின்னா சந்தேகம் ஒருத்தர் மேலதான். நான் ஆரம்பத்துல பெரிய கெத்துன்னு நெனச்சு ஒரே வரில பையன்.கைல.கிளாஸ்.டீ.சூடு ன்னு ரயில் பெட்டி மாதிரி கோத்து வைப்பேன், அதுல எரர் வந்தா எந்த பெட்டி காலின்னு எப்புடி கண்டுபுடிக்கறது, லைன் நம்பர் மட்டும்தான வருது. இப்பல்லாம் அப்புடி ஒரு வரில எரர் வந்தா மொதல் வேல அத மூணு நாலு வரியா ஒடைக்கறதுதான், ஒவ்வொண்ணையும் ஒரு லோக்கல் வேரியபிள்ல போட்டுட்டு திரும்ப ஓட்டுனா எரர் தானா வந்து சரியான வரில நிக்கும். பிரேக்பாயிண்ட் போட்டு, அந்த வரில கோட நிறுத்தி வச்சும் பாக்கலாம், அதான் மொறயான வழி, ஆனா பாதி நேரம் எனக்கு ஒடைக்கறதுதான் சீக்கிரம் முடியுது.

இன்னொண்ணு, 999+ல கடைசில இருக்குறத பாக்கக்கூடாது, மொதல்ல விழுந்தத பாக்கணும். சாதாரண புரோகிராம்ல எக்செப்ஷன் வந்தா புரோகிராமே விழுந்துரும், ஆனா யூனிட்டி அப்புடி இல்ல, அது எக்செப்ஷன புடிச்சு கன்சோல்ல எழுதிட்டு எதுவுமே நடக்காத மாதிரி அடுத்த ஸ்கிரிப்டுக்கு போயிரும். எந்த ஃபங்ஷன்ல எரர் வந்துச்சோ அதுல மிச்சம் இருக்குற வரி மட்டும் ஓடாது. ஆரம்பத்துல ஒரே ஒரு தடவ ஓடுற ஸ்டார்ட் ஃபங்ஷன்ல மூணாவது வரில விழுந்துச்சுன்னா நாலுலேர்ந்து பத்து வரைக்கும் செட் ஆக வேண்டியது எதுவும் செட் ஆகியிருக்காது, அது ஒவ்வொண்ணும் அப்டேட்ல போய் தனித்தனியா எரர் தரும், நீங்க அந்த பின்னாடி வந்த எரர தொரத்திட்டு இருப்பீங்க. கன்சோல்ல கொலாப்ஸ் பட்டன் ஒண்ணு இருக்கு, ஒரே எரர ஒண்ணாக்கி பக்கத்துல எண்ணிக்கை காட்டும், அத போட்டுட்டு மேல போனா ஸ்டார்ட்லேர்ந்து வந்த ஒத்த எரர் ஓரமா பாவமா உக்காந்துருக்கும், பக்கத்துல 1 ன்னு இருக்கும். அவன்தான் ஆளு. எரர் பாஸ் பட்டனும் போட்டு வச்சுக்கங்க, மொதல் எரர்லயே கேம் நின்னுரும், அந்த நேரத்துல இன்ஸ்பெக்டர்ல (ஸ்கிரிப்ட்ல இருக்குற வேரியபிள், அதாவது ஃபீல்ட், எல்லாம் காட்டுற பேனல்) யாருக்கு என்ன இருக்குன்னு நிதானமா பாக்கலாம்.

அன்னிக்கு என் கேஸ்ல கல்லா காலி. ஆனா மழை ஸ்கிரிப்ட இன்ஸ்பெக்டர்ல பாத்தா கல்லாவ மவுஸால அழகா இழுத்து வச்சிருக்கு. ஃபீல்ட்ல பேரு தெரியுது. ஓட விட்டு பாத்தாலும் தெரியுது. காசும் சேருது! காசும் சேருது, எரரும் வருது. இப்ப நீங்க யூனிட்டி ஆளா இருந்தா சிரிச்சிருப்பீங்க, எனக்கு ராத்திரி ரெண்டரை ஆச்சு. மழை ஸ்கிரிப்ட் சீன்ல ரெண்டு எடத்துல இருந்துச்சு. எப்பவோ மவுஸ் வழுக்கி பெஞ்சு மேல ஒண்ணு விழுந்துருக்கு, பெஞ்சுக்கு எதுக்கு மழை, ஆனா அது பாட்டுக்கு உக்காந்து காலி கல்லாவ வச்சுக்கிட்டு ஃப்ரேமுக்கு ஒரு தடவ கத்திட்டு இருக்கு. ஹைரார்க்கில, அதாவது சீன்ல இருக்குற எல்லா ஆப்ஜெக்ட்டையும் காட்டுற லிஸ்ட்ல, தேடுற எடத்துல டி போட்டு ஒரு முக்காப்புள்ளி போட்டு ஸ்கிரிப்ட் பேர அடிச்சா அந்த ஸ்கிரிப்ட் யார் யார் மேல ஒட்டியிருக்குன்னு லிஸ்ட் வந்துரும். பத்து செகண்ட் வேல. இதுக்கப்பறம் "இன்ஸ்பெக்டர்ல போட்டுருக்கேன் ஆனாலும் காலின்னு சொல்லுது"ன்னு யாராவது கேட்டா நான் கண்ண மூடிட்டு சொல்ற மொத பதில் இதான், பெரும்பாலும் சரியாவே இருக்கும். கன்சோல்ல எழுதுற டீபக் லாக்ல ரெண்டாவது ஆர்க்யுமெண்ட்டா திஸ், அதாவது இந்த ஸ்கிரிப்ட்தான்னு, கொடுத்தாலும் நல்லது, லாக்க கிளிக் பண்ணா எந்த ஆப்ஜெக்ட்டுன்னு ஹைரார்க்கில மஞ்சளா மின்னி காட்டும். பத்து கஸ்டமர் இருக்குற சீன்ல எந்த கஸ்டமர் கத்துறான்னு வேற எப்புடி கண்டுபுடிக்கறது.

இந்த காலி ஆகுறதுக்கு ஏகப்பட்ட வழி இருக்கு, எல்லாத்துலயும் ஒரு தடவையாவது விழுந்துருக்கேன். ஃபீல்ட் பேர அழகு படுத்துறேன்னு மாத்துனா இன்ஸ்பெக்டர்ல இழுத்து வச்சதெல்லாம் கொட்டிரும், ஃபார்மர்லி சீரியலைஸ்டு ஆஸ் ன்னு ஒரு ஆட்ரிபியூட்ல பழைய பேர போட்டு வச்சா தப்பிக்கும். கேம்ஆப்ஜெக்ட் ஃபைண்ட் ஆஃப் பண்ணி வச்சிருக்குற ஆப்ஜெக்ட்ட கண்டுக்காது, நீங்க "கடை மூடியது" பேனல ஆஃப் பண்ணி வச்சுட்டு ஸ்டார்ட்ல தேடுனா காலிதான் வரும். கேமராவுக்கு மெயின் கேமரா டேக் இல்லன்னா கேமரா டாட் மெயின் காலி. இதெல்லாம் ஒரு தடவ விழுந்தா அப்பறம் மறக்காது.

ஆனா ஒண்ணு மட்டும் என்னய ஒரு நாள் பூரா அலைய விட்டுச்சு. ஆர்டர் லிஸ்ட் ஒண்ணு வச்சிருந்தேன், மத்த ஸ்கிரிப்டும் தொடலாம்ங்குற மாதிரி பப்ளிக்கா, எங்கயுமே நியூ போட்டு லிஸ்ட்ட உண்டு பண்ணல, ஆனா மாசக்கணக்கா நல்லா ஓடிட்டு இருந்துச்சு. ஒரு நாள் கோட சுத்தம் பண்றேன்னு உக்காந்து, பப்ளிக் எல்லாம் எதுக்கு, நல்ல புரோகிராமர் பிரைவேட்தான் வைப்பான்னு மாத்துனேன். மாத்துன ஒரே வார்த்த அதான். கேம் படுத்துருச்சு. காரணம் என்னன்னா, பப்ளிக் ஃபீல்ட யூனிட்டி இன்ஸ்பெக்டருக்காக சீரியலைஸ் பண்ணும், அதாவது சேமிச்சு வைக்கும், பண்றப்ப அதுவே ஒரு காலி லிஸ்ட்ட உண்டு பண்ணி போட்டுரும், நாம நியூ போடாத தப்ப அது சத்தமில்லாம மூடிட்டு இருந்துருக்கு. பிரைவேட் ஆக்குன உடனே அந்த உபகாரம் நின்னு போச்சு. காலி லிஸ்ட் வேற, லிஸ்ட்டே இல்லாதது வேற, காலி டம்ளர் கைல இருக்குறதும் டம்ளரே இல்லாததும் ஒண்ணா? ரெண்டுலயும் டீ இல்லதான், ஆனா ஒண்ணுல ஊத்தலாம்.

அப்பறம் இந்த அவேக், ஸ்டார்ட் பஞ்சாயத்து. அவேக்கும் ஸ்டார்ட் மாதிரி ஒரு தடவ ஓடுறதுதான், ஆனா அதுக்கு முன்னாடி, ஆன் எனேபிள் ஆப்ஜெக்ட் ஆன் ஆகுறப்ப ஓடும். என் கல்லா ஸ்கிரிப்ட் அவேக்ல தன்னய எல்லாருக்கும் பொதுவான ஒரு ஸ்டாட்டிக் வேரியபிள்ல போட்டுக்கும், எல்லாரும் அது வழியா கல்லாவ புடிப்பாங்க. வசூல் காட்டுற போர்டு ஆன் எனேபிள்ல கல்லாவுக்கு போன் போட்டு "காசு மாறுனா சொல்லு"ன்னு சொல்லி வைக்கும். என் லேப்டாப்ல மூணு வாரம் ஒரு பிரச்சனையும் இல்ல. பில்ட் போட்டு, அதாவது ஆப்-ஆ மாத்தி, போன்ல ஓட்டுனா போர்டுல வசூல் அப்டேட்டே ஆகல. ஒரு ஆப்ஜெக்ட்டோட அவேக் முடிஞ்ச கையோட அதோட ஆன் எனேபிள் ஓடிரும், அடுத்த ஆப்ஜெக்ட்டோட அவேக் அதுக்கப்பறம்தான் வரலாம், எது மொதல்ல வரும்னு யூனிட்டி எந்த வாக்கும் கொடுக்கல. லேப்டாப்ல கல்லா முன்னாடி எந்திரிச்சுச்சு, போன்ல போர்டு முன்னாடி எந்திரிச்சு, இன்னும் எந்திரிக்காத கல்லாவுக்கு போன் அடிச்சுருக்கு. நான் இப்ப வச்சிருக்குற பழக்கம், அவேக்ல அவனவன் பல்ல அவனவன் வெளக்கணும், ஸ்டார்ட்லதான் அடுத்தவன் வீட்டு கதவ தட்டணும், ஏன்னா சீன்ல இருக்குற எல்லாரோட அவேக்கும் முடிஞ்சப்பறம்தான் ஸ்டார்ட் ஆரம்பிக்கும். எக்ஸிக்யூஷன் ஆர்டர்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல நம்பர் போட்டு யார் முன்னாடின்னு சொல்லலாம், ஆனா அதுல ஒருத்தன போட்டா அப்பறம் பத்து பேர போட வேண்டி வரும், நான் கல்லாவோட நிறுத்திக்கிட்டேன்.

போன்ல இன்னொரு கஷ்டம், எடிட்டர்ல இருக்குற வரைக்கும் யூனிட்டி கொஞ்சம் பாசமா பேசும். நீங்க இழுத்து வைக்க மறந்த ஃபீல்ட தொட்டா பல நேரம் அன்அசைண்டு ரெஃபரன்ஸ்னு தனி எரர் கொடுத்து எந்த ஸ்கிரிப்ட்ல எந்த ஃபீல்ட்னு பேர் சொல்லி, இன்ஸ்பெக்டர்ல போடணும்ப்பான்னு அட்ரஸோட சொல்லும். அதே தப்பு பில்ட்ல வந்தா வெறும் நல் ரெஃபரன்ஸ், ஒத்த வரி, லைன் நம்பர் கூட பாதி நேரம் வராது. அதனால டெவலப்மெண்ட் பில்ட் டிக் போட்டு போன கேபிள்ல சொருகி லாக்கேட் (ஆண்ட்ராய்டு போன் எழுதுற லாக்) பாக்குறதுன்னு ஆயிருச்சு என் சனிக்கிழம.

இந்த நல்-ஐ உலகத்துக்கு கொடுத்தவரு டோனி ஹோர், வரிசைப்படுத்துற குயிக்சார்ட் முறைய கண்டுபுடிச்ச அதே ஆளுதான். 1965ல ஆல்கால் டபிள்யூ மொழிக்கு டிசைன் பண்றப்ப, சுலபமா செய்ய முடியுதேன்னு ஆசப்பட்டு சேத்துட்டாராம். 2009ல லண்டன்ல ஒரு கான்ஃபரன்ஸ்ல மேடை ஏறி இது என்னோட பில்லியன் டாலர் தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. குயிக்சார்ட்டுக்காக அவர கும்பிடறவன் நான், ராத்திரி ரெண்டரை மணிக்கு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி நெனச்சுப்பேன். ஆனா நெஜமா பாத்தா அவர் மேல தப்பு சொல்ல முடியாது, "இங்க ஒருத்தரும் இல்ல"ங்குறத சொல்ல ஏதோ ஒண்ணு வேணும்ல, பிரச்சன என்னன்னா இல்லாதவர்கிட்ட போய் டீ நீட்டலாம்னு, நம்ம கோட மெஷினுக்கு மாத்தி கொடுக்குற கம்பைலர் அனுமதிக்கறதுதான்.

டீ நீட்டுறதுன்னு சொன்னவுடனே தலைப்புல சொன்ன அந்த ஆவி மேட்டருக்கு வந்துடறேன், இந்த போஸ்ட் எழுத ஆரம்பிச்சதே அதுக்குத்தான்.

பையன் டீ கொண்டு போறதுக்கு ஒரு கோரூட்டீன், அதாவது பல ஃப்ரேம்ல கொஞ்சம் கொஞ்சமா ஓடுற ஃபங்ஷன். கஸ்டமரோட டிரான்ஸ்ஃபார்ம்ம (அவர் இருக்குற எடத்த) பாத்துக்கிட்டே நடந்து போவான், பக்கத்துல போனதும் டீய கொடுப்பான், திரும்பி வருவான், வேலையா இருக்கேன்-ங்குற பூலியன (ட்ரூ இல்லன்னா ஃபால்ஸ்) ஃபால்ஸ் ஆக்குவான். கஸ்டமருக்கு பொறும போச்சுன்னா ஆப்ஜெக்ட்ட அழிக்குற டெஸ்ட்ராய், ஆள் காலி. பையன் பாதி வழில இருக்குறப்ப கஸ்டமர் போயிட்டா? மிஸ்ஸிங் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன், அழிஞ்சு போனவர தொட்டுட்டன்னு. கோரூட்டீன் அந்த எடத்துலயே செத்துரும், பூலியன் ட்ரூவாவே நிக்கும், பையன் கைல கிளாஸோட நடுக்கடைல சிலை மாதிரி நிப்பான், கடை மூடுற வரைக்கும்.

நான் என்ன பண்ணேன், எல்லாரும் பண்றதத்தான் பண்ணேன். இஃப் கஸ்டமர் நல்-ஆ இருந்தா யீல்ட் பிரேக், கோரூட்டீன அங்கயே முடிச்சுரு. எரர் போயிருச்சு. பையன் அப்பயும் சிலையாத்தான் நின்னான், ஏன்னா பூலியன யாரும் மாத்தல, ஆனா கன்சோல் இப்ப சுத்தமா இருக்கு. முன்னாடியாவது செவப்பா ஏதோ சொல்லிட்டு இருந்துச்சு, அதோட வாயையும் பொத்தியாச்சு.

சரி இது வேலைக்கு ஆகாதுன்னு அடுத்த சனிக்கிழம கொஞ்சம் புத்திசாலித்தனமா யோசிச்சேன். கஸ்டமர்தான காணாம போறான், பெஞ்சு எங்கயும் போகாதே, பையன பெஞ்சுல இருக்குற எடத்த பாத்து நடக்க விடுவோம். அங்க போனதும் கஸ்டமர் கேள்விக்குறி புள்ளி டீவாங்கு. இந்த கேள்விக்குறி புள்ளி இருக்கே, இடது பக்கம் காலியா இருந்தா சத்தம் போடாம அடுத்த வரிக்கு போயிரும், அழகான ஆபரேட்டர். ஓட்டி பாத்தேன், எரர் இல்ல, பையன் போறான், வர்றான், சிலை இல்ல. அப்புடியே போன்ல போட்டு என் அக்கா பையன்கிட்ட கொடுத்தேன், அவனுக்கு ஒம்பது வயசு, எங்க வீட்டு க்யூஏ (சோதிச்சு பாக்குற) டிபார்ட்மெண்ட் முழுக்க அவன் ஒருத்தன்தான்.

இருவது நிமிஷம் கழிச்சு வந்தான். "மாமா, கடைல கிளாஸே இல்ல."

"கழுவ போட்டுருப்பாங்கடா, வெயிட் பண்ணு."

"இல்ல மாமா, எல்லாரும் போய்ட்டாங்க, கடையே காலியா இருக்கு, மாஸ்டர் கைய கட்டிட்டு நிக்குறாரு."

வாங்கி பாத்தேன். பெஞ்சுல யாரும் இல்ல, கழுவுற எடத்துல எதுவும் இல்ல, 12 கிளாஸும் எங்கயோ போயிருச்சு. லாக் எடுத்து பாத்தேன், ஒரு செவப்பு வரி கெடையாது. ஒரு எரர் இருந்தா புடிச்சு தொங்கலாம், ஒண்ணுமே இல்லாதப்ப எங்க போய் ஆரம்பிக்கறது. சும்மா ஒரு சந்தேகத்துல கல்லாவ பாத்தேன், 795 ரூபா. கழுவ வந்த கிளாஸ் கணக்கு தனியா எண்ணி வச்சிருந்தேன், அது 41. நாப்பத்தி ஒண்ணு பெருக்கல் பதினஞ்சு 615. நூத்தி எம்பது ரூபா ஜாஸ்தி. நூத்தி எம்பதுன்னா பன்னெண்டு டீ.

பன்னெண்டு டீ, பன்னெண்டு கிளாஸ். பாத்தவுடனே எனக்கு கொஞ்சம் சிலிர்த்துருச்சு, பொய் சொல்லல. பன்னெண்டு பேர் டீ வாங்கிருக்காங்க, காசு கொடுத்துருக்காங்க, கிளாஸ திருப்பி கொடுக்கல, கடைலயும் இல்ல.

விஷயம் என்னன்னா, யூனிட்டில ஒரு ஆப்ஜெக்ட் ரெண்டு பாதியா இருக்கு. நெஜமான ஆப்ஜெக்ட் உள்ள சி பிளஸ் பிளஸ் பக்கம் இருக்கு, நம்ம சி ஷார்ப் ஸ்கிரிப்ட் அதுக்கு ஒரு சட்ட மாதிரி. டெஸ்ட்ராய் பண்ணா உள்ள இருக்குற ஆள் போயிருவாரு (அதுவும் உடனே இல்ல, அந்த ஃப்ரேம் அப்டேட் எல்லாம் முடிஞ்சப்பறம்), ஆனா சட்டைய நம்ம வேரியபிள் புடிச்சுட்டு இருக்குற வரைக்கும் சட்ட மெமரில அப்புடியேதான் இருக்கும். இத சமாளிக்க யூனிட்டி ரெண்டு ஈக்வல் போடுற ஆபரேட்டரயே மாத்தி எழுதி வச்சிருக்கு, நீங்க கஸ்டமர் நல்-ஆன்னு ரெண்டு ஈக்வல் போட்டு கேட்டா அது உள்ள எட்டி பாத்துட்டு, ஆள் இல்லன்னா, சட்ட தொங்குனாலும் "ஆமா காலிதான்"ன்னு பொய் சொல்லும். நல்ல பொய். 2014லயே அவங்க பிளாக்ல இத வச்சுக்கலாமா தூக்கிரலாமான்னு வெளிப்படையா கேட்டாங்க, கடைசில தூக்கல, ஏன்னா தூக்குனா பழைய கேம் பூரா ஒடஞ்சிரும். ஆனா கேள்விக்குறி புள்ளிக்கு இந்த பொய் தெரியாது. அது சி ஷார்ப் மொழியோட சொந்த ஆபரேட்டர், அது உள்ள எட்டி பாக்காது, சட்ட தொங்குதா, சரி ஆள் இருக்காரு, டீவாங்கு.

செத்த கஸ்டமரோட டீவாங்கு ஓடிருக்கு. ஃபங்ஷன் சட்டைலதான இருக்கு, ஓடும். அதுல நான் எழுதுனது மூணே வரி, கல்லால காசு சேரு, கைல கிளாஸ் வச்சுக்கோ, குடிக்க எட்டு செகண்ட்னு டைமர் வை. மூணுமே வெறும் சி ஷார்ப் வேரியபிள், டிரான்ஸ்ஃபார்ம்ம தொட்டுருந்தா அப்பவே எக்செப்ஷன் வந்து மாட்டியிருக்கும், தொடல. அந்த எட்டு செகண்ட எண்ணி கிளாஸ திருப்பி வைக்கறது அப்டேட்ல இருக்கு, செத்தவனுக்கு அப்டேட் ஓடாது. ஆக கோவிச்சுட்டு போன கஸ்டமரோட ஆவி பெஞ்சுல உக்காந்து, டீய வாங்கி, காசையும் நேர்மையா கொடுத்துட்டு, கிளாஸோட என்னிக்கும் உக்காந்துருக்கு. அப்புடி பன்னெண்டு பேர். உயிரோட இருக்குறவன்லாம் கோவிச்சுட்டு போறான், செத்தவன் காசு கொடுக்குறான், கடைக்கு லாபம்தான் உண்மைல.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, கோட் எடிட்டர் அந்த கேள்விக்குறி புள்ளிக்கு கீழ கோடு போட்டு, யூனிட்டி ஆப்ஜெக்ட்டுக்கு இத போடாதன்னு சொல்லிட்டுதான் இருந்துச்சு. என் ப்ராஜெக்ட்ல அந்த மாதிரி கோடு இருநூறு எடத்துல இருக்கு, நான் எத பாக்கறது. அன்னிக்கு உக்காந்து ப்ராஜெக்ட் முழுக்க கேள்விக்குறி புள்ளிய தேடி எடுத்தேன், காலின்னா வேற ஒண்ண எடுத்துக்கோன்னு ரெண்டு கேள்விக்குறி போடுறதையும்தான், அதுவும் இதே ஜாதி. 31 எடம். அதுல யூனிட்டி ஆப்ஜெக்ட் மேல இருந்தது 19. ஒவ்வொண்ணையும் சும்மா ரெண்டு ஈக்வலா மாத்திட்டு போயிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், ஆனா ஆவி பயம் இருந்ததால ஒவ்வொண்ணுலயும் நின்னு யோசிச்சேன், இங்க இவன் காலியா இருக்கலாமா கூடாதா? கல்லா காலியா இருக்கவே கூடாது, கடைன்னா கல்லா இருக்கணும். அங்கெல்லாம் செக்கையே தூக்கிட்டேன், காலின்னா எரர் வரட்டும், சத்தமா வரட்டும், எனக்கு தெரியணும். ஸ்டார்ட்லயே ஒரு அசெர்ட்டும் போட்டேன், கல்லா இல்லாம கடை தொறந்தா மொதல் செகண்ட்லயே கத்தும். ஒரே ஆப்ஜெக்ட்ல இருக்க வேண்டிய கம்போனன்ட்டுக்கு (ஆப்ஜெக்ட்ல ஒட்டுற ஸ்கிரிப்ட் மாதிரி பாகம்) அது கட்டாயம் வேணும்னு சொல்ற ரெக்வயர் காம்பொனன்ட் போட்டேன். இப்புடி பாத்தா 19ல 14 செக் எதுக்குன்னே தெரியாம, பயத்துல போட்டது.

மிச்சம் அஞ்சுதான் நெஜமாவே காலியா இருக்கலாம்ங்குற எடம், அஞ்சும் கஸ்டமர் சம்பந்தப்பட்டது. கஸ்டமர் எப்ப வேணா எந்திரிச்சு போவான், அது எரர் இல்ல, அது கேம். அப்ப இஃப் போட்டா மட்டும் பத்தாது, எல்ஸ்ல என்ன நடக்கும்னு எழுதணும். பையன் பெஞ்சுக்கு போய்ட்டான், ஆள் இல்ல. இப்ப பையன் என்ன பண்ணணும்? திரும்பி வரணும். கைல டீ இருக்கே? இத நாலு மாசமா நான் யோசிக்கவே இல்லங்குறது அப்பதான் தெரிஞ்சுச்சு, அந்த கேள்விக்குறி புள்ளி எனக்கு பதிலா யோசிக்காம இருந்துருக்கு.

அடுத்தவனுக்கு கொடுத்துரலாம்னு பாத்தா ஆறிப்போன டீ, கேம்ல சூடுன்னு ஒரு கணக்கு வேற வச்சிருக்கேன். கீழ கொட்டுனா நஷ்டம் கணக்குல வரணும். நான் பேப்பர்ல ஏதோ கட்டம் போட்டுட்டு இருந்தப்ப க்யூஏ டிபார்ட்மெண்ட் வந்து எட்டி பாத்துச்சு, என்ன மாமான்னு கேட்டான், சொன்னேன்.

"மாஸ்டரே குடிச்சுக்கட்டும் மாமா, அவருக்கு யாரு டீ தர்றா."

அப்புடியே எழுதிட்டேன். பையன் திரும்பி வந்து மாஸ்டர்கிட்ட நீட்டுவான், மாஸ்டர் ஒரு கைல டீ ஆத்திக்கிட்டே இன்னொரு கைல வாங்கி குடிப்பாரு, கிளாஸ் கழுவ போகும். நேத்து ஒரு மணி நேரம் ஓட்டுனோம், 12 கிளாஸும் பத்திரமா இருக்கு, கல்லாவும் கழுவுன கணக்கும், மாஸ்டர் குடிச்சத கழிச்சா, சரியா ஒத்து போகுது. மாஸ்டர் மட்டும் 27 டீ குடிச்சிருக்காரு. அதுக்கு ஏதாவது பண்ணணுமாங்குறது இப்ப எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓடுற சண்ட.